கரந்தை என்னும் பெயர்

தமிழ் படித்தவர்களில் பெரும்பாலோர் கரந்தையைப் பூவாகப் பார்ப்பதற்கு முன்பே போராகப் படித்துவிடுகிறார்கள். பள்ளி நாளிலேயே வெட்சி என்றால் பகைவரின் ஆநிரையைக் கவர்தல், கரந்தை என்றால் கவர்ந்து சென்ற நிரையை மீட்டல் என்று மனத்தில் பதிந்துபோகிறது. பிறகு எப்போதாவது, அறுப்பு முடிந்த வயலில் தாளுக்கு நடுவே செந்நீல உருண்டைகளைத் தாங்கி நிற்கும் முழங்கால் உயரப் பூண்டு ஒன்றைக் காட்டி, 'இதுதான் கரந்தை' என்று யாராவது சொன்னால், இத்தனை பெரிய பெயருக்கு இத்தனை சிறிய செடியா என்ற வியப்பு எழுகிறது. சொல்லின்மேல் காதலுள்ள உங்களுக்கு அந்த வியப்பு ஒன்றே போதும். பெயருக்கும் பொருளுக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளியில்தான் இரண்டாயிரம் ஆண்டுக் கதை கிடக்கிறது.

முதலில் போரையே பார்த்துவிடுவோம், ஏனெனில் அதுதான் இந்தப் பெயருக்குப் புகழ் தேடித் தந்தது. தொல்காப்பியர் வகுத்த புறத்திணைகள் ஏழு. அவற்றுள் கரந்தைக்குத் தனியிருக்கை இல்லை. வெட்சித் திணையின் உள்ளே, கவர்தலும் மீட்டலும் ஒரே நிகழ்ச்சியின் இரு பாதி என்ற கருத்தில், கரந்தை ஒரு பகுதியாகவே அடங்கிக் கிடக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலைக்கு வரும்போது பன்னிரண்டு படலங்களில் இரண்டாவதாக அது தனியே எழுந்து நிற்கிறது. ஆநிரை போன செய்தி கேட்டு மறவர் திரளும் ஆரவாரத்துக்குக் கரந்தையரவம் என்றே ஒரு துறை, புண்ணோடு மீளுவோனுக்கு ஒரு துறை, களத்தில் பட்டவனுக்கு ஒரு துறை, அவனை நினைத்து ஆற்றாது நிற்போர்க்குக் கையறுநிலை என்று ஒரு துறை. புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்பில் 'திணை: கரந்தை' என்று நாம் காண்பது இந்தப் பிற்கால வகுப்பின்படி. உள்ளே ஒடுங்கியிருந்த பெயர் வெளியே வந்து தனிக்குடித்தனம் நடத்தியது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் வந்த வழி ஆகுபெயர் வழி. செடியின் பெயர் பூவுக்கு ஆகி, பூவின் பெயர் அதைச் சூடியோர் செயலுக்கு ஆகி, செயலின் பெயர் அதைப் பாடும் ஒழுக்கத்துக்கு ஆகி, சூடியோரும் கரந்தையார் ஆனார்கள். வெட்சியார், கரந்தையார் என்று உரையாசிரியர்கள் எழுதும்போது பகைவர்கள் இருவரும் இரண்டு மாலைகளாகவே எதிரெதிர் நிற்கிறார்கள். ஒலியிலும் இரண்டும் எதிரெதிர்தான். 'வெட்சி' என்பதில் டகரமும் சகரமும் ஒன்றன்மேல் ஒன்று மோதி வெட்டென முடிகின்றன, பாய்ந்து கவர்கிறவனின் சொல் போல. 'கரந்தை' என்பதில் ரகரம் உருண்டு, நகர ஒற்றில் தங்கி, ஐகாரத்தில் மெல்ல இறங்குகிறது. ஒலிக்கும் பொருளுக்கும் இப்படி முடிச்சுப் போடுவதை இலக்கணம் ஏற்காது என்பது தெரிந்ததே. செவி கேட்காமல் இருப்பதில்லையே.

வெட்சி எது என்பதில் நமக்குக் குழப்பம் இல்லை. இன்று வீட்டு வாசல்களில் இட்லிப்பூ என்ற பெயரோடு சிவந்து நிற்பதுதான் அது. மறவன் சூடிய மாலை சிற்றுண்டியின் பெயருக்கு இறங்கிவந்த கதையை வேறொரு நாள் பேசலாம். கரந்தைக்குத்தான் வழக்கு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் கரந்தை என்ற தலைச்சொல்லின் கீழ்த் திருநீற்றுப்பச்சை என்று ஒரு பொருளும் கொட்டைக்கரந்தை என்று ஒரு பொருளும் வரும். இரண்டும் மணமுள்ளவை. இரண்டும் சிறியவை. ஆனால் ஒன்று துளசிக்கு உறவு, மற்றொன்று சூரியகாந்திக்கு உறவு. செடிநூலார் கணக்கில் இவை இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. நிரைமீட்ட மறவன் தலையில் இருந்தது எது?

இந்த வழக்கில் சாட்சி சொல்லச் செடி வர வேண்டியதில்லை, அடைமொழிகளே போதும். பழைய புலவர் ஒரு பூவை வெறும் பெயரால் சொல்லிவிட்டுப் போனால் நாம் திகைக்க வேண்டியதுதான். நல்லவேளையாக அவர்கள் அடை கொடுக்காமல் அரிதாகவே பேசினார்கள். ஐங்குறுநூற்றில் மருதம் பாடிய ஓரம்போகியார் 'கள்வன் பத்து' என்று பத்துப் பாடல்கள் செய்திருக்கிறார். கள்வன் என்பது அங்கே நண்டு. அதில் ஒரு பாடலின் நண்டு, தன் துணையை விட்டுவிட்டு வள்ளையின் மெல்லிய தண்டை அறுத்துத் திரிகிறது. அது திரிகிற இடத்துக்குப் புலவர் கொடுக்கும் அடை, கரந்தை வளர்ந்த செறு. செறு என்றால் வயல். ஆக, நண்டு ஊரும் ஈரநிலமாகிய நெல்வயலே கரந்தையின் வாழிடம். திருநீற்றுப்பச்சையோ வீட்டுக் கொல்லையிலும் கோயில் நந்தவனத்திலும் வளர்க்கப்படுவது. சேற்று வயலை நாடாது. (கள்வன் என்ற பெயருடைய உயிரும், கள்வரை விரட்டும் போருக்குப் பெயர் தந்த பூவும் ஒரே வயலில் நிற்பதை ஓரம்போகியார் நினைத்துத்தான் வைத்தாரா என்று கேட்காதீர்கள். நினைக்காமல் வைத்திருந்தாலும் மொழி நினைத்திருக்கிறது.)

அடுத்த சாட்சி இன்னும் வலியது. புறநானூற்றின் 261ஆம் பாடல் ஆவூர் மூலங்கிழாருடையது. அடையாத வாயிலும் குறையாத விருந்துமாக இருந்த பெருவீடு பொலிவிழந்து கிடக்கக் கண்டு புலவர் புலம்புகிறார். நிரையை மீட்டுத் தந்துவிட்டு, தான் மட்டும் நடுகல்லாகிப் போன தலைவனுக்கு, முறை அறிந்தவர்கள் மரபுப்படி கரந்தைப் பூச் சூட்டுகிறார்கள். அந்தப் பூவுக்கு இரண்டு அடைகள் தரப்படுகின்றன. ஒன்று மணம்: அது நறும்பூ. மற்றொன்று உவமை: நாகின் முலை போன்றது. நாகு என்பது இன்னும் ஈனாத இளம்பசு. அதன் மடிக்காம்பு எப்படி இருக்கும் என்று மாடு வளர்த்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறியது, உருண்டு திரண்டது, மென்சிவப்பு. திருநீற்றுப்பச்சையின் பூவோ காம்பைச் சுற்றி அடுக்கடுக்காக ஏறும் வெண்மையான கதிர். அதை எந்தப் பசுவின் எந்த உறுப்போடும் ஒப்பிட முடியாது. கொட்டைக்கரந்தையின் தலையைப் பாருங்கள்: இலந்தைப்பழ அளவில் திரண்ட உருண்டை, செந்நீலச் சாயல், கசக்கினால் மூக்கைத் துளைக்கும் மணம். அகநானூற்றுப் பாடல் ஒன்று செம்பூ என்றும் இதற்கு அடை கொடுத்திருப்பதைச் சேர்த்துக்கொண்டால் வழக்கு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. சங்க இலக்கியச் செடிகொடிகளை ஆராய்ந்த பி. எல். சாமியும், பின்னர் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' எழுதிய கு. சீநிவாசனும் கரந்தையைக் கொட்டைக்கரந்தையாகவே கொண்டார்கள்.

நான் வியப்பது இந்த உவமையின் நுட்பத்தை மட்டுமன்று, அதன் பொருத்தத்தை. பசுவை மீட்கப் போய் மாண்டவனுக்குச் சூட்டும் பூவைச் சொல்லப் புலவர்க்குப் பசுவின் உறுப்புத்தான் உவமையாகக் கிடைத்திருக்கிறது. ஈனாத இளம்பசு, இனி ஈன வேண்டிய பசு, அவன் மீட்டுவந்த நிரையில் நடந்துவந்த பசு. உவமை அலங்காரமாக இல்லாமல் கதையின் உள்ளிருந்தே எழுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? நிரை கவர்தல் வெறும் பாட்டு மரபு என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகல்லில், தமிழி எழுத்தில், 'ஆகோள்' என்ற சொல் அப்படியே வெட்டப்பட்டிருக்கிறது. தொல்காப்பியர் வெட்சிக்குரிய நிகழ்ச்சியாகச் சொன்ன அதே ஆகோள்.

செடியின் உருவத்துக்கு வருவோம். சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் 'ஒரு பூ' என்று பறிப்பது உண்மையில் பல சிறுபூக்கள் கூடிய ஒரு தலை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரந்தை அதற்கும் ஒருபடி மேலே போகிறது; பல சிறு தலைகள் நெருங்கிக் கூடி ஒரு பெருந்தலையாகின்றன, கூட்டத்துக்குள் கூட்டம். செவ்வந்திக்கும் சூரியகாந்திக்கும் இருப்பது போல வெளிவட்டத்தில் கதிர் விரிக்கும் இதழ்கள் இதற்கு இல்லை. அதனால்தான் அது விரிந்த பூவாகத் தோன்றாமல் திரண்ட காயாகத் தோன்றுகிறது. தண்டை நெடுகப் பல்விளிம்புடைய இறகு போன்ற பட்டை ஓடும், இலையிலும் தண்டிலும் பிசுக்கென்ற மயிர், மணம் அங்கிருந்துதான்.

காயாகத் தோன்றும் இந்தப் பூவுக்கு ஒவ்வொரு மொழியும் என்ன பெயரிட்டது என்று பார்ப்பது பெரும் சுவை. வடமொழி அதில் மழித்த தலையைக் கண்டு முண்டி என்றது. வடநாட்டில் கோரக்முண்டி என்று இன்றும் கடைகளில் விற்கிறார்கள். தெலுங்கும் அதே வழியில் போய், மொட்டை என்ற பொருளுடைய 'போட' என்பதை முன்னே நிறுத்திப் போடதரமு என்கிறது. மலையாளம் அடைக்காமணியன் என்று பெயர் வைத்தது. அடைக்காய் என்பது நம் பழந்தமிழிலும் பாக்குக்குப் பெயர், ஆக அது 'பாக்குமணியன்'. கொச்சியில் ஆட்சி செய்த ஒல்லாந்தர் வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஹோர்ட்டஸ் மலபாரிகஸில் இந்தப் பெயர் இலத்தீன் எழுத்தேறி இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் இதை ஸ்பீராந்தஸ் இண்டிகஸ் என்று பதிந்தார். ஸ்பைரா என்றால் கிரேக்கத்தில் உருண்டை, ஆந்தோஸ் என்றால் பூ. துறவியின் தலை, பாக்கு, பந்து. எல்லாரும் உருண்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள். பசுவின் மடியைப் பார்த்தவர் ஆவூர் மூலங்கிழார் ஒருவரே. ஆவூர்க்காரர் வேறெதைப் பார்ப்பார் என்று கேட்டாலும் எனக்கு உடன்பாடுதான்.

தமிழும் உருண்டையைப் பெயரில் ஏற்றாமல் விடவில்லை. ஆனால் பெயருக்குள் அல்ல, பெயருக்கு முன்னே. கொட்டைக்கரந்தை என்பதில் வரும் கொட்டையை விதை என்று கொண்டால் பொருள் தப்பும். விதையைக் குறிப்பது அச்சொல்லின் ஒரு முகம்தான். தாமரைப் பூவின் நடுவே நிற்கும் பொகுட்டும் கொட்டை. பொருநராற்றுப்படையில் பொருநர்க்கு வழங்கும் பட்டாடையின் கரையில் முடிந்து தொங்கவிட்ட முடிச்சும் கொட்டை. திரண்டு முனையில் நிற்பது எதுவோ அது கொட்டை. இளங்கிளையின் முனையில் முடிச்சிட்டது போலத் திரண்டு நிற்கும் இந்தப் பூத்தலைக்கு அதைவிடத் தக்க அடை கிடைக்காது. பேச்சில் அது 'கொட்டக்கரந்த' என்று ஐகாரம் இரண்டையும் இழந்து ஒலிக்கிறது.

இனி, கரந்தை என்ற உடற்சொல். இங்கேதான் ஆராய்ச்சியாளன் தன் கையைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கண்ணெதிரே ஒரு பகுதி பளபளக்கிறது: கர. கரத்தல் என்றால் மறைத்தல். கரவு, கரவடம், கரந்துறை எல்லாம் அதன் மக்கள். பகைவர் கவர்ந்து கரந்து வைத்த நிரையை மீட்பதால் கரந்தை என்று ஒரு விளக்கம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்க இனிது. நிற்காது. போரின் பெயர் பூவிலிருந்து வந்தது; பூவின் பெயரைப் போரிலிருந்து விளக்கினால் மகன் தந்தைக்குப் பெயரிட்டதாக முடியும். தவிரவும், தொல்காப்பியர் களவு என்று சொன்னது வெட்சியாரின் செயலை; கரந்து செய்வோர் அவர்கள், வெளிப்பட வந்து மீட்போர் கரந்தையார். சிறுபூக்கள் உருண்டைக்குள் கரந்து நிற்பதால் கரந்தை என்று செடியை வைத்தே விளக்குவோரும் உண்டு. இது முன்னதைவிடப் பொறுக்கத்தக்கது. ஆனால் சொல்லின் கட்டமைப்பு இடறுகிறது. வினைப்பகுதியோடு ஐ சேர்ந்து தொழிற்பெயரோ பொருட்பெயரோ ஆவது நமக்குப் பழக்கம்: நட, நடை, கொடு, கொடை. இறந்தகால இடைநிலை ஏறிய 'கரந்த்' என்பதோடு ஐ சேர்ந்தால் பழந்தமிழில் அது பெயராகாது. இ, ஐ, ஆய் என்னும் முன்னிலை ஒருமை ஈறுகளில் ஒன்றாகி, 'நீ மறைத்தாய்' என்று வினைமுற்றாகிவிடும். பூவைப் பார்த்து 'கரந்தை' என்றால் அது ஒரு குற்றச்சாட்டு. எனவே கர என்பதை அழகான அயலாராக வாசலில் நிறுத்திவைப்போம். குருந்து, நரந்தம் போல, வேர் மண்ணுக்குள்ளேயே இருக்கும் பழைய செடிப்பெயர்களில் கரந்தையும் ஒன்று என்று கொள்வதே எனக்குத் தகுதியாகப் படுகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூவரிசையிலேயே அது வந்துவிட்டது. அவ்வளவு பழைய பெயரிடம் பிறப்புச் சான்று கேட்பது முறையன்று.

போர்க்களம் ஓய்ந்தபின் கரந்தை கோயிலுக்குப் போயிற்று. தேவாரத்தில் சிவபெருமான் சடையில் கொன்றை, வன்னி, கூவிளம், மத்தம் ஆகியவற்றோடு கரந்தையும் இருக்கும். அவன் சூடுகிறவை எல்லாம் பெரும்பாலும் யாரும் வளர்க்காமல் தானே முளைப்பவை. வயற்களையாகிய கரந்தை அந்தக் கூட்டத்துக்குப் பொருத்தமே. லெக்சிகன் தரும் திருநீற்றுப்பச்சைப் பொருளுக்கும் இங்கேதான் விடை இருக்கும் என்பது என் ஊகம். நெடுநாள் கழித்துக் கோயில் மாலை கட்டியவர்களுக்குப் பாட்டில் கரந்தை என்று இருந்தது, கையில் எட்டும் நந்தவனத்தில் மணமுள்ள பச்சை ஒன்று இருந்தது. அதன் பெயரிலேயே திருநீறும் இருந்தது. பெயர் வயலிலிருந்து நந்தவனத்துக்கு மாறிக் குடியேறியதற்கு வேறென்ன காரணம் தேட?

சித்த மருத்துவர்கள் வயற்செடியை விடவில்லை. கொட்டைக்கரந்தையைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கி நிழலில் உலர்த்தச் சொல்வார்கள். பூவால் பேர்பெற்ற செடியைப் பூக்கவிடாமல் எடுப்பது மருந்துக்கே உரிய வன்கண். கரந்தையின் உடன்பிறப்பாக, அதைவிடக் காணக் கிடைக்காத இன்னொரு செடியைச் சிவகரந்தை என்று பிரித்தார்கள். செடிநூலார் அதை ஸ்பீராந்தஸ் அமராந்தாய்டிஸ் என்பர். அதுவும் நெல்வயலை ஒட்டி வாழ்வதே. சிவனுக்கு ஒன்று இருந்தால் திருமாலுக்கு ஒன்று வேண்டாமா? விட்டுணுகரந்தை வந்தது. ஆனால் இது உறவே இல்லாத உறவு. தரையோடு படர்ந்து நீலமாகப் பூக்கும் அந்தச் சிறு பூண்டு தாளிக்குடும்பத்தது. அதன் வடமொழிப் பெயர் விஷ்ணுக்ராந்தா, திருமால் அடியிட்டு அளந்தது என்று பொருள். கிராந்தா என்ற வன்மையான ஒலிச்சேர்க்கை தமிழ் நாவில் தங்காமல் கிரந்தி என்றாயிற்று, கரந்தி என்றாயிற்று. அந்த இடத்துக்கு வந்ததும், ஏற்கெனவே காதில் இருந்த கரந்தை அதைக் கைநீட்டி இழுத்துக்கொண்டது. உலகளந்த அடி ஒரு வயற்களையின் பெயருக்குள் அடங்கிப்போனது. வேற்றுச்சொல்லைத் தன் வீட்டுச் சொல்லாக நினைத்துக்கொண்டு உறவு கொண்டாடும் இந்தப் பழக்கம் எல்லா மொழிக்கும் உண்டு. தமிழ் அதைச் செய்யும்போது சந்தி விகாரம்கூடத் தெரிவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று தஞ்சையின் வடபால் நிகழ்ந்தது. வடவாற்றை ஒட்டிய கரந்தை என்ற ஊர்ப்பெயரைக் கேட்டவுடன், பூவால் பெயர்பெற்ற ஊர் என்று நெஞ்சு துள்ளும். துள்ள வேண்டாம். ஊரின் பழம்பெயர் கருந்திட்டைக்குடி. அப்பர் வாக்கில் வைப்புத்தலமாக வருவது. திட்டை என்பது மேட்டுநிலம். கருந்திட்டை, கரிய மேடு. அது கருந்தட்டாங்குடி என்று மக்கள் வாயில் நெகிழ்ந்து, பின் உறையூர் உறந்தையானது போல, குடமூக்கு குடந்தையானது போல, கரந்தை என மருவிற்று. மரூஉ என்பது பெயரைச் சுருக்கும் வேலை மட்டுமன்று. சுருக்கியதை ஏற்கெனவே பழகிய ஒரு வடிவத்தில் வார்க்கும் வேலையும்கூட. உறந்தை, குடந்தை என்ற வார்ப்பு தயாராக இருந்தது. பழைய பூப்பெயர் ஒன்றும் காதில் இருந்தது. ரகரத்தை அடுத்த உகரம் அகரமாகியதில் அந்தப் பூவுக்கும் பங்கு இருக்கலாம் என்று எண்ண எனக்கு ஆசைதான், மெய்ப்பிக்க வழியில்லை.

1911இல் அங்கே தமிழுக்கென்று ஒரு சங்கம் எழுந்தது. இராதாகிருட்டினப் பிள்ளை தொடங்க, அவர் தமையன் உமாமகேசுவரனார் தலைமையில் வளர்ந்து, 1925 முதல் 'தமிழ்ப்பொழில்' என்ற இதழையும் நடத்திய கரந்தைத் தமிழ்ச் சங்கம். இழந்த தமிழை மீட்கக் கிளம்பியவர்களுக்கு, மீட்போர் சூடும் பூவின் பெயர், அந்த ஊரார் கேட்காமலேயே, ஒரு மரூஉவின் தற்செயலால் கிடைத்துவிட்டது. சங்கத்தார் நிரைமீட்சியை நினைத்தார்களோ இல்லையோ, தொல்காப்பியம் படித்த எவர் காதிலும் அது ஒலிக்காமல் இராது.

பெயர் அதோடும் நிற்கவில்லை. முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேட்டுத் தொகுதி ஒன்று புத்தூரில் கிடைத்து, இந்தச் சங்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. கிடைத்த ஊரால் பெயர்பெற வேண்டியது, காத்த ஊரால் பெயர்பெற்றுக் கரந்தைச் செப்பேடு ஆயிற்று. கரந்தைப் பூவுக்கு வெளிவட்டத்தில் ஓர் இதழ்கூடக் கிடையாது. கரந்தைச் செப்பேட்டுக்கு 57 இதழ்கள்.